பட்டறைக்காரரின் சூடு

கிரானைட் பட்டறைக்காரர் செத்துப்போனது ஒரு புதன்கிழமை காலையில். அவர் உடம்பின் சூடு தணிந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. இடைப்பட்ட காலம் முழுவதும் அவர் தன் வீட்டு முன்னறையில், தானே இழைத்துப் பதித்த கல்தரையின் மேல், கால் இரண்டும் வாசலைப் பார்த்திருக்கப் படுத்திருந்தார். முதல் நாள் வந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துத் துடிப்பு இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு நெற்றியைத் தொட்டவர், அடுப்பிலிருக்கிற சட்டியைத் தொட்டவர்போல வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். துடிக்காத உடம்புக்குச் சான்றிதழ் எழுதலாம், கொதிக்கிற உடம்புக்கு எழுதச் சட்டத்தில் இடமில்லை, ஆறட்டும், அப்புறம் சொல்லி அனுப்புங்கள் என்று விரலை ஊதிக்கொண்டே போய்விட்டார். சான்றிதழ் இல்லாமல் இடுகாட்டில் குழி தோண்ட மாட்டார்கள். ஆகவே ஆறும்வரை வைத்திருப்பதென்று முடிவாயிற்று.

ஒரு மாதத்துக்குள் தோல் சொரசொரவென்று ஆகி, பிறகு இறுகி, சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளும் இடையிடையே லேசான செம்மையும் விழுந்து, அவர் முழுக்கக் கல்லாகிவிட்டார். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் கல்தூளையே காற்றாக இழுத்த மனுஷன் வேறு என்னவாக ஆவான் என்று கேட்டார்கள். பட்டறை ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, பழக்கதோஷத்தில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்கள். ஓசை சுத்தமாக வந்தது. "சமையல் மேடைக்கு அருமையான சரக்கு" என்று ஒருத்தன் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மழை நாட்களில் அக்கம்பக்கத்துப் பூனைகள் அவரைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. எதிர்வீட்டுக்காரி ஈரம் உலராத துணிகளை எடுத்துவந்து, கேட்காமலே அவர் காலடியில் கொடி கட்டிவிட்டுப் போனாள்.

அவர் மனைவிக்குத் தெருவில் சக்கரம் என்று பெயர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள், ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாதவள். சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான், அதுவும் அடுக்களைக்கும் கொல்லைக்கும் நடுவில். உலையை ஏற்றிவிட்டு மொட்டைமாடிக்கு ஓடுவாள், மாடியில் துணியைப் பாதி மடித்துவிட்டுக் கடைக்கு ஓடுவாள், கடையில் சில்லறை வாங்கும்போதே உலை ஞாபகம் வந்து திரும்ப ஓடுவாள். வீட்டில் மூன்று நாற்காலிகள் இருந்தன. எதிலும் அவள் உட்கார்ந்த அடையாளம் இல்லை. இப்படிப்பட்டவளிடம் போய், உன் புருஷன் ஆறட்டும், காத்திரு என்றால் எப்படி இருக்கும்? பொழுது விடிந்தால் அவர் நெஞ்சில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், சுடும், முனகிக்கொண்டே போவாள், பத்து பாத்திரம் தேய்த்துவிட்டு மறுபடி வந்து வைத்துப் பார்ப்பாள். அவளுடைய அவசரத்துக்குக் காரணம் புருஷன் அல்ல, மகள்.

ஒரே மகள். அவள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டது ஒரு டைல்ஸ் கடைக்காரனை. வேறு யாராக இருந்தாலும் பட்டறைக்காரர் நாலு நாள் உறுமிவிட்டு விட்டிருப்பார். டைல்ஸ் என்பது அவர் கணக்கில் வேகவைத்த மண்ணுக்குப் பூப்போட்டுக் கல் என்று ஊரை ஏமாற்றுகிற வேலை. ஒரு கல்காரன் பெண் அந்த வீட்டில் விளக்கேற்றுவதா? புதுமணத் தம்பதி வாசலில் வந்து நின்றபோது அவர் உள்ளேயிருந்து சுத்தியலை வீசினார். ஆள்மேல் வீசவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. அது வாசற்படியில் விழுந்து, முழுநீளக் கருங்கல் படி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிந்துபோயிற்று. "என் உடம்புல சூடு இருக்கிற வரைக்கும் நீ இந்தப் படிய மிதிக்கக் கூடாது" என்றார். மகளும் அப்பனுக்குப் பிறந்தவள். "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஒன்பது வருஷம் மிதிக்கவில்லை.

ஊருக்கெல்லாம் படி செதுக்கிக் கொடுத்தவர், தன் வீட்டு விரிசல் படியை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை. யாராவது கேட்டால் இருக்கட்டும் என்பார். சக்கரம்தான் பஸ் பிடித்து மகளைப் பார்க்கப் போவாள், வருவாள். திரும்பி வந்ததும் பட்டறைக்காரர் ஒரு கேள்வி கேட்பார்: "பஸ்ஸு கூட்டமா இருந்துச்சா?" கூட்டம்தான் என்பாள், அல்லது இல்லை என்பாள். அதற்குப் பிறகும் அவர் எழுந்து போகாமல், டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சக்கரம் அடுக்களைக்கும் கொல்லைக்கும் ஓடிக்கொண்டே, பேத்திக்குப் பல் முளைத்தது, பேத்தி ஸ்கூலுக்குப் போகிறாள் என்று யாரிடமோ சொல்வதுபோல உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் காதில் விழுந்ததா என்று நின்று பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

அந்தப் புதன்கிழமை அவர் டீயைக் குடித்துவிட்டு அப்படியே சாய்ந்தார். சக்கரம் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், போனுக்கு ஓடினாள், டாக்டரைக் கூப்பிடத் தெருக்கோடிக்கு ஓடினாள். ஆனால் டாக்டருக்கு முன்னால் மகள் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தவள், படிக்கு மேலே வலதுகாலைத் தூக்கினாள். அந்தக் கணம் கட்டிலில் கிடந்தவரின் அடியிலிருந்து புகை வந்தது. விரிப்பு கருகி, மெத்தைப் பஞ்சு பொசுங்கி, அறை முழுக்க நெடி. பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீரை ஊற்றி, கட்டிலைக் கவிழ்த்து அவரைக் கல்தரைக்கு மாற்றினார்கள். சக்கரம் அப்போதுதான் அவர் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டாள். மகள் தூக்கின காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அப்பாவுக்கு இன்னும் கோவம் தீரலம்மா" என்று சொல்லி, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். செத்தும் விறைப்புக் குறையாத மனுஷன் என்று தெரு ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லியது. உடம்பில் சூடு இருக்கும்வரை என்று அவர் சொன்ன வார்த்தை அப்படியே நின்றது, சூடும் தணியாமல் நின்றது.

ஆகவே சக்கரம் அவரை ஆறவைக்கப் புறப்பட்டாள். ஈரச்சாக்கைப் போர்த்தினாள். ஃபேனை இழுத்துவந்து தலைமாட்டில் வைத்தாள். ஐஸ் பாக்டரியிலிருந்து பாளம் பாளமாக இறக்கி அவரைச் சுற்றி அடுக்கினாள். ஆவி கிளம்பித் தெரு முழுவதும் வெள்ளையாகி, தபால்காரர் வீடு தெரியாமல் தடுமாறினார், ஆனால் பட்டறைக்காரருக்குத் துளிச் சூடுகூடக் குறையவில்லை. வலது தோளில் மட்டும் 'டக்'கென்று ஒரு கீறல் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு முதலில் ஓடிவந்தவர் அவருடைய தம்பி, அதாவது சக்கரத்தின் கொழுந்தனார். அண்ணனுக்குப் பிறகு பட்டறையைப் பார்த்துக்கொண்டவர். அவர் பின்னாலேயே வந்தவள் கல் டாக்டர்.

கல் டாக்டர் என்பது பட்டறை ஆட்கள் வைத்த பெயர். பாறைகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள், மாதிரிக் கல் வாங்கப் பட்டறைக்கு வந்துபோய்ப் பழக்கம். துக்கம் விசாரிக்கத்தான் வந்தாள். வந்த இடத்தில் பையிலிருந்து சூடு பார்க்கும் கருவியை எடுத்துவிட்டாள், அவளால் கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியவில்லை. ஐஸை எடுக்கச் சொன்னாள். ஏன் என்று கொழுந்தனார் கேட்டதற்கு விளக்கமும் சொன்னாள். "கிரானைட்டு கொதிச்சு வந்து, அப்புறம் ஆறித்தாங்க கல்லாகும். ஆறும்போது ஒவ்வொரு தாதுவா இடம் பிடிச்சு உக்காரும், பஸ்ல ஏறின மாதிரி. தங்கத்துக்கு மட்டும் யாரும் சீட்டு தர மாட்டாங்க. அது கடைசி வரைக்கும் மிச்சமிருக்கிற சுடுதண்ணியோட நின்னுக்கிட்டே வரும், படிக்கட்டுல தொங்கிக்கிட்டு. சட்டுனு ஆறிட்டா அங்கங்க தூள் தூளா மாட்டிக்கும், இருந்தும் இல்லாத மாதிரி. மெதுவா ஆறினாத்தான் ஒண்ணு சேரும். கல்லு சுருங்கி விரிசல் விடும்போது அந்தத் தண்ணி விரிசல்ல ஓடும். எங்க சூடு குறையுதோ அங்க தங்கத்த இறக்கி விட்டுட்டுப் போயிடும்."

கொழுந்தனார் இதில் தங்கம் என்ற சொல்லை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் அவர் ஒரு நாற்காலியோடு வந்து அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தார்; ஃபேன் போயிற்று, ஜன்னல்கள் சாத்தப்பட்டன, ஈரத்துணி பிழியும் சத்தம் கேட்டாலே அவர் தொண்டையைச் செருமினார். சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, அவசரப்படுவது யாருக்கும் நல்லதல்ல என்று சொன்னார்கள். அதுவரை அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் பட்டறைக்காரரின் உடல்நிலையை விசாரிக்க ஆரம்பித்தார்கள். குளிர்காலத்தில் கம்பளிகூடக் கொண்டுவந்தார்கள். சக்கரம் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கலையா அண்ணி?" என்றார் கொழுந்தனார்.

"ஆக்கினதும் நான், பொறுத்ததும் நான். நீங்க தட்ட வச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறவரு தம்பி" என்றாள் சக்கரம், துடைப்பத்தை அவர் காலடியில் நீட்டிப் பெருக்கிக்கொண்டே. அவர் காலைத் தூக்கிக்கொண்டார், நாற்காலியை விடவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்பாள். சக்கரம் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக நடப்பாள், லாரிகள் ஹாரன் அடிக்கும். "மூஞ்சியாவது பாத்துட்டுப் போறேம்மா, ஜன்னல் கதவத் திற" என்று ஒருநாள் மகள் கேட்டாள். சக்கரம் போய்த் திறந்தாள், ஆனால் அவர் தலை உள்ளே தள்ளி இருந்ததால் கால்கள்தான் தெரிந்தன. மகள் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். அன்று ராத்திரி சக்கரம் சாப்பிடவில்லை. தூங்கவுமில்லை. விடியும்வரை அலமாரியைக் கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவருக்கும், மேற்கிலிருந்து கிழக்குக்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். மகளை வாசலில் நிற்கவைத்துக்கொண்டு ஒரு தாயால் எத்தனை நாள் பாத்திரம் தேய்க்க முடியும்?

நாலாம் வருஷம் கல் டாக்டர் வந்து, குதிகாலிலிருந்து சுண்டுவிரல் நகமளவு ஒரு சில்லு வேண்டும் என்று கேட்டாள். அவர் எப்படி எப்படி ஆறினார் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம் என்றாள். தங்கம் எப்போது என்பதும் தெரியுமா என்று கொழுந்தனார் கேட்டார், தெரியலாம் என்றதும் உளியை அவரே எடுத்துக் கொடுத்தார். சக்கரம் அந்தப் பக்கம் பார்க்காமல் கொல்லைக்குப் போய்விட்டாள். சில்லு போய்ச் சில மாதம் கழித்து, மழைக்காலம் முடிகிற சமயம், கல் டாக்டர் திரும்பி வந்தாள். கொழுந்தனாரைத் தாண்டி நேரே அடுக்களைக்குப் போனாள். சக்கரம் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் விளக்குமாறுமாக இருந்தாள்.

"இந்தக் கல்லுல இருக்கிற ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு சூட்டுல கதவச் சாத்திக்கும்மா. எப்போ சாத்துச்சுன்னு எங்களால பாக்க முடியும்" என்றாள் கல் டாக்டர். "உங்க பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்ட வருஷம் கொதிச்சிருக்கார், உண்மைதான். அடுத்த வருஷத்துலேருந்தே ஆற ஆரம்பிச்சுட்டார். ரொம்ப மெதுவா, நடுவுல ஒரு துள்ளல் இல்லாம. செத்தப்போ இந்தத் தரை மாதிரி சில்லுனு இருந்திருக்கார். அதுக்கப்புறம்தான் ஒரே ஒரு தடவை, திடீர்னு, பயங்கரமா சூடாகியிருக்கார். இப்போ இருக்கிறது அந்தச் சூடு. பழசு இல்ல." பிறகு கேட்டாள்: "அவரு போன உடனே தொட்டுப் பாத்தீங்களா?"

சக்கரம் யோசித்தாள். பக்கத்து வீடு, போன், தெருக்கோடி. நடுவில் வீட்டுக்குள் ஒருமுறை வந்தது ஞாபகம் இருந்தது. அவர் கையிலிருந்து விழுந்த டம்ளரை எடுத்தாள். அதைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"டம்ளரக் கழுவினேன்" என்றாள். "அவரத் தொடலம்மா."

"முதல்ல தொட்டது எப்போ?"

"பொண்ணு வந்து காலத் தூக்கினப்புறம். மெத்தை கருகினப்போ." கரண்டியை மேடையில் வைத்தாள். "அப்போ அது கோவம் இல்லியா?"

"கோவமா சந்தோஷமான்னு கல்லு சொல்லாதும்மா. எப்போ சூடாச்சுன்னு மட்டும்தான் சொல்லும்."

சக்கரத்துக்கு மிச்சத்தைக் கல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பஸ் கூட்டமாக இருந்ததா என்று கேட்டுவிட்டு டம்ளரை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் அவளுக்கு இப்போதுதான் கண்ணுக்கு நேரே தெரிந்தார். அத்தனை வருஷம் அவர் காத்திருந்தது எதற்கு என்றும் தெரிந்தது. முன்னறைக்குப் போய் அந்தக் கல்தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும் உமக்கு?" என்று கத்தினாள். உள்ளங்கை சிவந்துபோயிற்று. தன்மேலும் ஆத்திரம் வந்தது, ஓடி ஓடி என்னத்தைக் கண்டேன் என்று. நாலு வருஷத்தில் முதன்முதலாக அவருக்காக அழுதாள். பிறகு, கண்ணைக்கூடத் துடைக்காமல், மகளுக்குப் போன் செய்ய ஓடினாள்.

மகள் வந்தபோது கொழுந்தனார் வாசலை அடைத்துக்கொண்டு, படிக்கு உள்பக்கம், வெறுங்காலோடு நின்றார். மறுபடி சூடேறினால் சேர்ந்ததெல்லாம் கலைந்துவிடும், நாலு வருஷக் காவல் பாழாகிவிடும் என்பது அவர் கட்சி. கல் டாக்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அவள், என்ன ஆகும் என்று தனக்கே தெரியாது என்றாள், ஆவலை மறைக்கவும் இல்லை. மகள் சாலையின் நடுவிலேயே தயங்கினாள். பின்னால் டைல்ஸ் கடை மருமகன், இரண்டாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மாமனாரின் கண்ணில் படாத தூரத்தில்.

"உள்ள வாடி" என்றாள் சக்கரம்.

"அப்பா..."

"அப்பா எப்பவோ ஆறிட்டாரு. நான்தான் தொட்டுப் பாக்கல."

மகள் காலைத் தூக்கி, இந்தமுறை பின்வாங்காமல், விரிசல் விட்ட அந்தப் படியின் மேல் வைத்தாள். முன்னறையில் பட்டறைக்காரரின் உடம்பு ஒருதரம் அடுப்பில் ஏற்றிய இரும்பைப்போலச் சிவந்தது. பிறகு அந்தச் சூடு அவர் காலைத் தாண்டி இறங்கிற்று. அவர் பதித்த கல்தரையின் இடுக்குகளில் வெந்நீர் ஓடுகிற சலசலப்புக் கேட்டது. இடுக்குக்கு இடுக்கு வெள்ளையாக ஆவி சீறி, அது வாசலை நோக்கி வந்தது. கொழுந்தனார் உள்ளங்கால் பொரிந்து, ஐயோ என்று எகிறித் தெருவில் போய் விழுந்தார். மகளுக்குச் செருப்பின் அடிப்பாகம் இளகியது, அவள் அசையவில்லை. படிக்கடியில் ஏதோ நீளமாக மூச்சு விட்டதுபோல இருந்தது. அதோடு அடங்கிவிட்டது. அவள் ஒட்டிக்கொண்ட செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய், அப்பாவின் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். குளிர்ந்த கல். சக்கரம் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துவர ஓடினாள்.

மறுநாள் டாக்டர் வந்து, தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அதற்குள் கொழுந்தனார், பாதத்தில் கட்டோடு நொண்டிக்கொண்டே, அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை பூதக்கண்ணாடியால் தேடி முடித்திருந்தார். தோள் கீறலில் கம்பியை விட்டுக்கூடப் பார்த்தார். பொட்டுத் தங்கம் இல்லை. பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று கல் டாக்டர் சொல்லி, கருவியைப் பையில் போட்டுக்கொண்டாள். வாசல் நிலையைக் கழற்றி, பட்டறையின் கிரேன் வைத்து அவரைத் தூக்க வேண்டியிருந்தது. கனத்தைப் பற்றி எல்லோரும் குறைபட்டுக்கொண்டார்கள். இடுகாட்டில் அவருக்கென்று தனியாகக் கல் நட வேண்டியிருக்கவில்லை.

நிலையைத் திரும்பப் பொருத்திய பிறகு, அதற்கடுத்த நாள் காலையில், சக்கரம் ஒட்டிக்கிடந்த செருப்பைச் சுரண்டி எடுத்துப் படியைக் கழுவினாள். சுத்தியல் விழுந்து விரிந்த அந்தக் கோட்டில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சன்னமாக மஞ்சள் ஓடியிருந்தது. தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. தண்ணீர் ஊற்றினால் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. செய்தி கொழுந்தனாரை எட்ட, அவர் வாளியில் தண்ணீர் தீர்வதற்குள் உளியும் சுத்தியலுமாக வந்து நின்றார், பின்னால் கம்பளி கொண்டுவந்த சொந்தக்காரர்கள். சக்கரம் அவரைப் பார்த்தாள், உளியைப் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். படியில் உட்கார்ந்தாள்.

எழுந்திருங்கள் அண்ணி என்றார்கள். நியாயம் பேசினார்கள், பங்கு பேசினார்கள், மதியம்வரை வெயிலில் நின்று பேசினார்கள். "நான் உக்காந்துட்டேன் தம்பி" என்று மட்டும் சொன்னாள். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது, அதற்கும் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்து, ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். படி இன்றும் அங்கேதான் இருக்கிறது. தபால்காரர் அதில் காலைத் துடைத்துக்கொள்கிறார், பூனைகள் பழைய ஞாபகத்தில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகின்றன. முதல்தடவை அதை உற்றுப்பார்த்த மருமகன், இதே டிசைனில் புது டைல்ஸ் வந்திருக்கிறது, எட்டு வருஷம் கேரண்டி என்றான். சக்கரத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் இருந்திருந்தால் இன்னொரு சுத்தியல் பறந்திருக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருகிறாள். பையும் குழந்தையுமாக வாசலில் வந்து, "வழிய விடும்மா, உள்ள போகணும்" என்கிறாள். "பஸ்ஸு கூட்டமா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, சக்கரம் எழுந்திருக்காமல், கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறாள்.